ஆயுத்தயாவை ரத்து செய்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து தாய்லாந்துக்குக் குழுச் சுற்றுலா நடத்தும் நிறுவன உரிமையாளர்களுக்கும், பஸ்ஸில் மைக் பிடிக்கும் டூர் மேனேஜர்களுக்கும்,

பள்ளியில் எனக்குத் தமிழ் நடத்திய ஆசிரியரும் அவர் மனைவியும் போன மாதம் உங்களில் ஒருவருடைய குழுவில் பாங்காக் வந்தார்கள். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. உங்களில் பலருக்கும் இது பொருந்தும் என்பதால் பெயர் தேவையும் இல்லை. பணம் கட்டியபோது கொடுத்த அச்சிட்ட பயணத் திட்டத்தில் நான்காம் நாளுக்கு நேரே ‘ஆயுத்தயா, முழு நாள்’ என்று இருந்தது. தாய்லாந்தின் பழைய தலைநகரம் அது. முந்தின இரவு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: ஆயுத்தயா ரத்து, பதிலாக நகைக்கல் கடை, தோல் பொருள் கடை, மாலையில் படகு டின்னர். ஆசிரியர் போன் போட்டுக் கேட்டார். டூர் மேனேஜர் சொன்ன பதில் இது: “அங்க உடைஞ்ச செங்கல்லைத் தவிர என்ன சார் இருக்கு? வெயில்ல பெரியவங்கதான் கஷ்டப்படுவீங்க.”

நான் கீழக்கரைக்காரன். பாங்காக்கில் சீலோம் பக்கம் கல் வியாபாரம் செய்கிறேன். என் மனைவி தாய்லாந்துக்காரர். அந்த உடைந்த செங்கல் ஊரில் பிறந்து வளர்ந்தவர். அதனால் இதைப் படித்துவிட்டு “யாரோ கோபத்தில் எழுதுகிறார்” என்று நீங்கள் நினைத்தால் அதுவும் சரிதான்.

மறுநாள் ஆசிரியரையும் அவர் மனைவியையும் நாங்களே அழைத்துப் போனோம். பாங்காக்கிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர். காலை ரயிலில் போனால் வெயில் ஏறுவதற்குள் பாதி இடங்களைப் பார்த்துவிடலாம். மூன்று ஆறுகள் சூழ்ந்த ஒரு தீவில் 1351இல் தொடங்கிய தலைநகரம் அது. 1767இல் பர்மியப் படை எரிக்கும்வரை நானூறு ஆண்டுகளுக்கு மேல் நின்றது. 1511இல் போர்த்துக்கீசியர் வந்து சேர்ந்தார்கள். பின்னாலேயே ஜப்பானியர், டச்சுக்காரர், பிரெஞ்சுக்காரர். 1686இல் இங்கிருந்து போன தூதுக்குழு பிரான்சில் பதினான்காம் லூயியின் அவையில் நின்றது. பாரசீகத்திலிருந்து வந்த ஷேக் அகமது என்ற வணிகர் அரசவையில் உயர்ந்த பதவிக்குப் போனார். அவர் வழிவந்த புன்னாக் குடும்பம் பிற்காலத்தில் இந்த நாட்டின் மிகச் செல்வாக்கான குடும்பங்களில் ஒன்றானது. அவர்களில் பலர் பிறகு பௌத்தர்களாகிவிட்டார்கள், அது தனிக் கதை. ஒரு நகரத்தில் இத்தனை பேர் வீடு கட்டிக் குடியிருந்தார்கள் என்றால் அது எப்பேர்ப்பட்ட நகரம் என்று யோசித்துப் பாருங்கள்.

செங்கல் விஷயத்துக்கு வருகிறேன். வாட் ராட்சபூரணா என்று ஒரு கோயில். 1424இல் அரசர் இறந்ததும் மூத்த இளவரசர் இருவர் அரியணைக்காக யானை மேலேறிச் சண்டை போட்டார்கள். இரண்டு பேருமே செத்துப்போனார்கள். சண்டைக்கு வராத மூன்றாமவர் அரசரானார். அண்ணன்மார் இருவரையும் எரித்த இடத்தில் அவர் கட்டிய கோயில் அது. நடுக்கோபுரத்துக்குள் ஏறி, செங்குத்தான படியில் நிலவறைக்கு இறங்கினால் மங்கிய சுவரோவியங்கள் இருக்கின்றன. 1957 வாக்கில் திருடர்கள் அந்த நிலவறையை உடைத்தார்கள். அவர்கள் விட்டுவைத்ததைத் தொல்லியல் துறையினர் எடுத்தார்கள். அதை வைக்கவே அந்த ஊரில் அருங்காட்சியகம் கட்டி 1961இல் திறந்தார்கள். உள்ளே ஒரு தங்க யானை இருக்கிறது. கையில் ஏந்தும் அளவு, முழங்கால் மடக்கி உட்கார்ந்திருக்கும், உடம்பெங்கும் கல் பதித்தது. முப்பது வருஷமாகக் கல் பார்த்துப் பழகிய கண்ணோடு சொல்கிறேன்: பட்டை தீட்டும் எந்திரம் இல்லாத காலத்தில் ஒவ்வொரு கல்லுக்கும் அதன் உருவத்துக்கேற்பத் தனித்தனியாகக் குழி எடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். உங்கள் நகைக்கல் கடையில் அப்படி ஒரு வேலையை நான் பார்த்ததில்லை.

வாட் மகாதாட் கோயிலில் மரவேர்களுக்கு நடுவே புத்தரின் தலை மட்டும் தெரியும் படத்தை நீங்கள் பிரசுரத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்த இடத்தில் எல்லோரும் குனிந்தோ உட்கார்ந்தோதான் படம் எடுக்க வேண்டும். புத்தரின் தலைக்கு மேலே நம் தலை உயரக்கூடாது. என் மனைவி முஸ்லிம். அவரும் அங்கே போனால் உட்கார்ந்துதான் பார்ப்பார், சின்ன வயதிலிருந்தே அப்படி. அன்று நாங்கள் இருந்தபோது தமிழ் பேசும் வேறொரு குழு வந்தது. அதில் ஒருவர் தலையில்லாத புத்தர் சிலைக்குப் பின்னால் போய், கழுத்து இருந்த இடத்தில் தன் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். நண்பர்கள் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்கள். காவலர் விசில் ஊதினார். அவர்களை நான் அதிகம் குறை சொல்ல மாட்டேன். அந்தச் சிலைகளில் சில போரில் உடைந்தவை, சில பிறகு தலையை மட்டும் அறுத்து விற்கும் திருடர்களால் போனவை என்று பஸ்ஸில் யாராவது சொல்லியிருந்தால் அந்த மனிதர் அப்படி நின்றிருக்க மாட்டார்.

ஆசிரியருக்கு 71 வயது. வெயிலில் ஒன்றும் ஆகவில்லை. மத்தியானம் என் மாமியார் கடையில் ரொட்டி சாய் மாய் சாப்பிட்டார்: மெல்லிய ரொட்டிக்குள் நூல்நூலாக இழுத்த சர்க்கரையைச் சுருட்டித் தருவது. அந்த ஊர் முஸ்லிம் குடும்பங்களின் கைப்பக்குவம் அது. இரண்டாவதும் கேட்டு வாங்கினார்.

அடுத்த குறை, மைக்கில் நீங்கள் சொல்லும் வரலாறு. பாங்காக் அரண்மனைக்குப் போன அன்று ஆசிரியர் தம்பதிக்கு மத்தியானச் சாப்பாடு கொடுக்க நானும் மனைவியும் போயிருந்தோம். பஸ்ஸில் ஏறியபோது டூர் மேனேஜர் பேசிக்கொண்டிருந்தார்: “ராஜராஜ சோழன் இந்த நாட்டைப் பிடிச்சு ஆண்டப்ப நம்ம ஆளுங்க கட்டினதுதான் இங்க பாக்குற எல்லாம்.” பஸ்ஸில் கைதட்டல். ராஜராஜன் இறந்தது 1014இல். அந்த அரண்மனையைத் தாய்லாந்து அரசர் முதலாம் ராமா கட்டத் தொடங்கியது 1782இல்.

ராஜேந்திர சோழன் 1025இல் கப்பற்படை அனுப்பியது உண்மைதான். அவன் மெய்க்கீர்த்தியில் கடாரத்தோடு தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலங்காசோகம் என்று வரும் ஊர்கள் இன்றைய தென் தாய்லாந்துக் கரையிலும் மலேயாவிலும் இருந்தவை என்றுதான் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆனால் அது சுமத்ராவை மையமாகக் கொண்ட ஸ்ரீவிஜயப் பேரரசின் மேல் நடந்த படையெடுப்பு. தாய் இனத்தவர் தங்கள் அரசுகளை வடக்கே சுகோத்தாயிலும் சியாங் மாயிலும் அமைத்தது அதற்கு இருநூறு வருஷத்துக்கும் அப்புறம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் மைக்கில் ஜெயித்துக் கொடுக்கும் அந்தக் கடாரம், அதாவது கெடா, 1909 வரைக்கும் சயாமுக்கு, அதாவது அன்றைய தாய்லாந்துக்கு, கட்டுப்பட்டு இருந்தது. அந்த வருஷ ஒப்பந்தத்தில்தான் பிரிட்டனுக்குப் போனது.

தாய் இனத்தவர் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று ஒரு குழுவுக்காவது சொல்லியிருக்கிறீர்களா? அவர்கள் மொழிக் குடும்பத்தின் வேர் தெற்குச் சீனாவில், இன்றைய குவாங்சி வட்டாரத்தில் என்பது மொழியியலாளர் பலரின் முடிவு. ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியாக, நெல் விதைத்துக்கொண்டே பல நூற்றாண்டுகளாகத் தெற்கேயும் மேற்கேயும் நகர்ந்தவர்கள். லாவோஸ் மக்களும் பர்மாவின் ஷான் மக்களும் இவர்களுக்குப் பங்காளிகள். ஒரு கிளை 1228இல் சுகாபா என்ற தலைவன் பின்னால் மலை தாண்டி பிரம்மபுத்திரா பள்ளத்தாக்குக்கு வந்தது. அந்த அகோம் அரசு அசாமில் 1826 வரைக்கும் நீடித்தது. அசாமில் கோகோய் என்று பெயருள்ள ஒருவரைச் சந்தித்தால் தாய் இனத்தின் ஒரு கிளையைத்தான் பார்க்கிறீர்கள். இவர்கள் வந்து சேர்ந்த மண்ணில் ஏற்கெனவே மோன் மக்களும் கம்போடியாவின் கெமேர் மக்களும் பெரிய நாகரிகங்களோடு இருந்தார்கள். அவர்களிடம் கற்றார்கள், அவர்களோடு கலந்தார்கள். இவர்களின் எழுத்து கெமேர் எழுத்திலிருந்து வந்தது. கெமேர் எழுத்துக்கு மூலம் பல்லவர் எழுத்து. நம் உறவு அந்த வழியில் வந்த உறவு. அதற்குக் கைதட்ட வேண்டுமென்றால் தாராளமாகத் தட்டுங்கள்.

தமிழ்த் தடம் வேண்டும் என்று பயணிகள் ஆசைப்படுகிறார்கள், அது தப்பில்லை. பொய் சொல்லாமலே காட்டுவதற்கு இங்கே நிறைய இருக்கிறது. தென் தாய்லாந்தில் கிராபி அருகே குளோங் தோமில் பொன் உரைத்துப் பார்க்கும் சின்னக் கல் ஒன்று கிடைத்தது. ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ் பிராமியில் எழுதியிருக்கிறது. மூன்றாம் அல்லது நான்காம் நூற்றாண்டு. ஒரு பொற்கொல்லர் கடல் தாண்டி வந்து பட்டறை போட்டிருக்கிறார்! என் தொழிலுக்கு அவரை மூத்தவராகவே நான் வைத்துக்கொள்கிறேன். அதே தெற்கில் தகுவா பாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு: அவனிநாரணம் என்று ஒரு குளம் வெட்டி, மணிக்கிராமத்தார் என்ற வணிகர் குழு உள்ளிட்டவர்களின் பாதுகாப்பில் விட்டதைச் சொல்கிறது. வாளோடு வந்தவன் வெட்டியதில்லை, வியாபாரத்துக்கு வந்தவர்கள் வெட்டிய குளம். பாங்காக்கிலேயே, 1784இல் நிறுவிய சிவப்புப் பெரிய ஊஞ்சல் தூண்களுக்குப் பக்கத்தில், தேவஸ்தான் என்ற பிராமணர் கோயில் இருக்கிறது. மார்கழி–தை வாக்கில் நடக்கும் சடங்கில் அரச பிராமணர்கள் ஓதுவது நம் திருவெம்பாவை வழிவந்த பாடல்கள். உச்சரிப்பு மாறிப்போய் நமக்கே புரியாது. ஊஞ்சலாட்டம் 1935இல் நின்றுவிட்டது, ஓதுதல் தொடர்கிறது. உங்கள் பஸ் அந்த ஊஞ்சலைச் சுற்றிக்கொண்டுதான் போகிறது, நிற்பதில்லை.

அரண்மனை வளாகத்தில் மரகத புத்தர் கோயிலைச் சுற்றிய திண்ணை முழுக்க ராமாயண ஓவியம், 178 பகுதிகள். டூர் மேனேஜர் அங்கே சொன்னது: “ராமாயணத்தைத் தப்பும் தவறுமா வரைஞ்சு வச்சிருக்காங்க.” பத்து நிமிஷத்தில் குழுவை வெளியே ஓட்டிவிட்டார். ஆசிரியருக்கு அங்கேதான் முகம் மாறியது. அது ராமகியன், தாய்லாந்தின் ராமாயணம். ஆயுத்தயா எரிந்தபோது சுவடிகளும் போயின. புதுத் தலைநகரில் முதலாம் ராமா அவைப் புலவர்களோடு உட்கார்ந்து நினைவில் இருந்ததையெல்லாம் திரட்டி 1797இல் முழுக் காவியமாக எழுதினார். அதில் சீதை, தொட்சகான் எனப்படும் ராவணனுக்குப் பிறந்து ஆற்றில் விடப்பட்ட மகள். அனுமன் பிரம்மச்சாரி கிடையாது. சேது கட்டும்போது கல்லையெல்லாம் மீன்கள் தூக்கிக்கொண்டு போகின்றன. அந்த மீன்களின் தலைவி ராவணனின் மகள், பாதி மீன் பாதிப் பெண். அனுமன் அவளைத் துரத்திப் போய்க் காதலிக்கிறான், மகனும் பிறக்கிறான். ஆசிரியர் என்னிடம் சொன்னார்: “வால்மீகியில் ராவணன் சீதையைத் தொட்டுத் தூக்குகிறான். கம்பன் பர்ணசாலையை மண்ணோடு பெயர்த்தெடுக்க வைத்தான். கம்பன் மாற்றினால் காவியம், இவர்கள் மாற்றினால் தப்பா?” இதைக் குழுவுக்கு முன்னால் சொல்ல அவருக்கு வாய்ப்பே தரவில்லை உங்கள் ஆள். இதே கதையை முகமூடி போட்டு ஆடும் கோன் நடனத்தை யுனெஸ்கோ 2018இல் தன் பட்டியலில் சேர்த்தது. பாங்காக்கில் அதைப் பார்க்க முடியும். எந்தத் திட்டத்திலும் அது இல்லை.

இப்போது சொல்லப்போவது எழுதக் கஷ்டமானது. அதே பஸ்ஸில், சாப்பாட்டுப் பையோடு என் மனைவி நடந்து வந்தபோது நடுவரிசையில் இருந்த ஒருவர் பக்கத்துச் சீட்டுக்காரரிடம், “பாய் நல்ல ஐட்டமா புடிச்சிருக்காரு” என்றார். நான்கு பேர் சிரித்தார்கள். மைக்கைக் கையில் வைத்திருந்தவரும் சிரித்தார். என் மனைவிக்குத் தமிழ் நன்றாகவே புரியும். அவர் நின்று, திரும்பி, தமிழில் கேட்டார்: “அண்ணே, உங்களுக்குப் பொம்பளைப் பிள்ளைங்க இருக்காங்களா?” அதற்கப்புறம் பஸ்ஸில் யாரும் பேசவில்லை. டூர் மேனேஜர் பாட்டுப் போட்டுவிட்டார்.

அந்தப் பயணியை விட உங்கள்மேல்தான் எனக்கு வருத்தம். ‘பேச்சிலர் ஸ்பெஷல்’ என்று கண்ணடிக்கும் முகத்தோடு போஸ்டர் போடுகிறவர்கள் நீங்கள். மசாஜ் என்று சொல்லும்போதே குரலில் ஒரு குழைவு வைப்பவர்கள் நீங்கள். நுவாட் தாய் என்ற அந்த வைத்தியத்தை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது 2019இல். அதன் நரம்புப் படங்களைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் ராமா கல்லில் வெட்டிப் பதித்து வைத்த இடம் வாட் போ கோயில். யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துப் படித்துக்கொள்ளட்டும் என்பதற்காக வைத்தது. 46 மீட்டர் சயன புத்தரைக் காட்ட உங்கள் குழுவை அதே கோயிலுக்குத்தான் அழைத்துப் போகிறீர்கள். அந்தக் கல்வெட்டுகளின் பக்கம் யாரும் திரும்புவதில்லை. பட்டாயாவும் வானத்திலிருந்து அப்படியே விழவில்லை. அது ஒரு மீன்பிடி ஊர். வியட்நாம் போர்க்காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்களின் ஓய்வுக்காகத் தாய்லாந்தில் இடம் ஒதுக்க 1967இல் ஒப்பந்தம் போட்டார்கள், பக்கத்தில் ஊ தபாவோ விமானதளம், அப்படி வளர்ந்த தொழில் அது. வறுமையும் போரும் சேர்ந்து செய்த வேலைக்கு ஒரு இனத்துப் பெண்கள் எல்லோரையும் பொறுப்பாக்குவது என்ன நியாயம்?

நகைக்கல் கடையைப் பற்றி நான் பேசாமல் யார் பேசுவது? ஆயுத்தயாவை ஏன் எடுத்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். பேக்கேஜ் விலையை அடக்கத்துக்கும் கீழே இறக்கி ஆள் பிடிக்கிறீர்கள். விட்டதைக் கடைக் கமிஷனில் எடுக்கிறீர்கள். சீனக் குழுக்களில் இது முற்றிப்போய் 2016இல் தாய்லாந்து அரசே நடவடிக்கை எடுத்தது. ஆயுத்தயாவில் கமிஷன் தரக் கடை இல்லை, அவ்வளவுதான் விஷயம். ஆசிரியரோடு வந்த ஒரு அம்மா அன்று வாங்கிய சிவப்புக்கல் மோதிரத்தை மறுநாள் என்னிடம் காட்டினார். லென்ஸ் வைத்துப் பார்த்தேன்: விரிசல்களில் ஈயக் கண்ணாடியை உருக்கி நிரப்பிய கல். எலுமிச்சைச் சாறு பட்டாலே அந்த நிரப்பு அரித்துவிடும். பத்தர் ஊதுகுழல் பிடித்தால் போயே போச்சு. அவர் கொடுத்த விலையைக் கேட்டதும் எனக்குப் பேச்சு வரவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். அழுதார்.

சின்ன விஷயங்களும் உண்டு. கோயிலுக்கு அரைக்கால் சட்டை கூடாது என்று முன்கூட்டியே சொன்னால் வாசலில் யானைப் படம் போட்ட பேண்ட் வாங்க வேண்டியிருக்காது. காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தேசிய கீதம் ஒலிக்கும்போது ரயில் நிலையத்தில் எல்லோரும் நிற்பார்கள். உங்கள் குழுவும் நிற்கட்டும். பிக்குவைப் பெண்கள் தொடக்கூடாது, செல்ஃபிக்காகத் தோள் உரச நிற்பதும் கூடாது. அரசரைப் பற்றி மைக்கில் ஜோக் அடிக்காதீர்கள். 15 வருஷம் வரைக்கும் சிறை போகக்கூடிய குற்றம் இங்கே அது.

சீலோம் மாரியம்மன் கோயிலுக்கு வந்து “நம்ம கோயில்” என்கிறீர்கள். தமிழர் எழுப்பியதுதான். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை வந்து பாருங்கள், சாமந்தி மாலையும் தேங்காயும் ஏந்தி நிற்பவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்கள். நவராத்திரி ஊர்வலத்தன்று சீலோம் சாலையையே மூடி, விடிய விடிய உட்கார்ந்திருப்பதும் அவர்கள்தான். ஏரவான் சந்தியில் பிரம்மாவுக்குப் பூ வைப்பவர்களும் அவர்களே. பௌத்தராக இருந்துகொண்டே இதையும் செய்கிறார்கள், அதில் அவர்களுக்கு ஒரு முரணும் தெரிவதில்லை. இலங்கையின் கண்டியில் பிக்குகளுக்கு உபசம்பதா என்ற முழுத் துறவு தீட்சை கொடுக்க ஆள் இல்லாமல் போனபோது, 1753இல் ஆயுத்தயாவிலிருந்துதான் உபாலி தேரர் போனார். அழைத்தவர் கண்டி அரசர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கர், தென்னிந்திய நாயக்கர் வழியினர். இப்படிப் போக்குவரத்தாக நடந்த உறவை, நாம் கொடுத்தோம் அவர்கள் வாங்கினார்கள் என்று ஒற்றைத் திசையில் ஏன் சுருக்குகிறீர்கள்?

ஊருக்குத் திரும்பும் நாள் காலை, ஆசிரியரைத் தேசிய அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். சுகோத்தாய் அரசர் ராம்காம்ஹேங் பெயரில் 1292ஆம் ஆண்டு தேதியிட்ட கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. அதன் காலத்தைப் பற்றிச் சில ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. என்றாலும் தாய் எழுத்தின் தொடக்கம் என்று இந்நாட்டுப் பிள்ளைகள் படிப்பது அதைத்தான். நீரில் மீன், வயலில் நெல் என்று நாட்டின் செழிப்பைச் சொல்லும். குறை உள்ள எவரும் வந்து அடிக்கலாம் என்று அரண்மனை வாசலில் மணி கட்டியதையும் சொல்லும். மனைவி அதைச் சொன்னதும் ஆசிரியர் மனுநீதிச் சோழன் கதையை முழுசாகச் சொன்னார். “பசுவும் வந்து அடித்ததா?” என்று மனைவி கேட்டார். “உங்கள் கல்வெட்டில் பசு இல்லையா?” என்று ஆசிரியர். இரண்டு பேரும் அரை மணி நேரம் அந்தக் கல்லை விட்டு நகரவில்லை. ஒரு மணியும் ஒரு பசுவும் போதும், உங்கள் பயணிகளுக்கும் தாய்லாந்து மக்களுக்கும் பேச விஷயம் கிடைத்துவிடும்.

காஞ்சனபுரிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. குவாய் ஆற்றுப் பாலத்தில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறீர்கள். 1942–43இல் ஜப்பானியர் போட்ட அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுவந்த தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் செத்தார்கள். நேசநாட்டுச் சிப்பாய்களுக்கு அங்கே பேர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்களுக்கு அப்படி இல்லை. “நம்ம ஆளுங்க” என்று மைக்கில் சொல்ல வேண்டிய இடம் உண்மையில் அது.

2024இல் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் இங்கே வந்தார்கள். இந்தியர் என்றால் எப்படிப்பட்டவர் என்பதை ஹோட்டல் ஊழியர்களும் பஸ் டிரைவர்களும் உங்கள் குழுக்களைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அதன் பலனை நாங்கள் இங்கே வருஷம் முழுக்க அனுபவிக்கிறோம்.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை. அச்சிட்ட திட்டத்தில் ஆயுத்தயா இருந்தால் கூட்டிப் போங்கள். மழை வெள்ளம் போன்ற காரணம் தவிர வேறு எதற்காகவும், பயணிகளின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல், எடுக்காதீர்கள். கடைகளுக்கு நிறுத்துவதாக இருந்தால் எத்தனை கடை, எவ்வளவு நேரம் என்பதைப் பணம் வாங்குவதற்கு முன்பே எழுதிக் கொடுங்கள், வர விரும்பாதவர்களை வற்புறுத்தாதீர்கள். இந்த நாட்டில் வழிகாட்டி வேலை தாய்லாந்துக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. சட்டத்துக்காக உரிமம் பெற்ற ஒருவரை முன்சீட்டில் சும்மா உட்கார வைத்துவிட்டு நீங்கள் பேசுகிறீர்கள். மைக்கை அவரிடம் கொடுங்கள். நீங்கள் தமிழில் மொழிபெயர்த்தால் போதும், அதுவே பெரிய உதவி. ‘பேச்சிலர் ஸ்பெஷல்’ போஸ்டர்களை எடுங்கள். பஸ்ஸில் யாராவது ஒரு பெண்ணைப் பற்றி அப்படிப் பேசினால் சிரிக்காமல் நிறுத்தச் சொல்லுங்கள். தேசிய அருங்காட்சியகத்துக்கும் வாட் போவின் கல்வெட்டு மண்டபங்களுக்கும் சேர்த்து அரை நாளாவது ஒதுக்குங்கள். தமிழ் தெரிந்த, இந்த ஊர் வரலாறு தெரிந்த ஆட்கள் வேண்டுமென்றால் சீலோமில் கேளுங்கள், நாங்கள் இருக்கிறோம், காசு வேண்டாம்.

போன மாதக் குழுவை நடத்தியவருக்குத் தனியாக ஒன்று. ஆயுத்தயா நுழைவுக் கட்டணம், பஸ் செலவு, மதியச் சாப்பாடு மூன்றையும் அந்தப் பேக்கேஜில் சேர்த்து வாங்கியிருக்கிறீர்கள். குழுவில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்தத் தொகையை இந்த மாதக் கடைசிக்குள் திருப்பிக் கொடுங்கள். மோதிரம் வாங்கிய அம்மாவுக்குக் கடையிடம் பேசி முழுப் பணத்தையும் வாங்கிக் கொடுங்கள். கல் என்ன கல் என்று சோதனைச் சான்றிதழ் வாங்கி அனுப்பும் வேலையை நான் செய்கிறேன். ஆசிரியர் உங்களிடம் கேட்க மாட்டார், கூச்சப்படுகிறவர். அதனால் நான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
சீலோமிலிருந்து ஒரு கீழக்கரைக் கல் வியாபாரி